சான்றிதழ் பைலும் சீ.ஆர். கொப்பியும்

கேள்வி:

மிஸ், நான் அம்பாறை மாவட்டத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையில் 7 வருடமாகத் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். மட்டக்களப்பு தாதியர் கல்லூரியில் டிப்ளோமா முடித்தேன். இப்போது திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். மேலே படிக்க வேண்டும், ஒரு நாள் தாதியர் கல்லூரியில் கற்பிக்க வேண்டும் என்று ஆசை. போன மாதம் ஒரு நேர்முகத் தேர்வுக்கு 43 சான்றிதழ் உள்ள பைலைக் கொண்டு போனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் உங்கள் வேலை எங்கே?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. போர்ட்போலியோ ஒன்று செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வார்டில் எவ்வளவோ செய்கிறோம். மருந்தும் சேலைனும் ஏற்ற நாளத்தில் போடும் சின்னக் குழாயான கனுலாவில் திகதி எழுதாமல் விட்டதால் ஒரு ஐயாவுக்குக் கை வீங்கியதைப் பார்த்த பிறகு, நானும் இன்னொரு மிஸ்ஸும் சேர்ந்து எங்கள் வார்டில் எல்லாக் கனுலாவிலும் திகதியும் நேரமும் எழுத வைத்தோம். அதெல்லாம் சான்றிதழில் வராதே. 2 சின்னப் பிள்ளைகள், நைட் டியூட்டி, ஆங்கிலமும் சரளமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கல்முனையிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்பு மகள்,

உங்கள் கடிதத்தை 3 தரம் வாசித்தேன். 43 சான்றிதழ் என்ற இடத்தில் நான் நிற்கவில்லை. கனுலாவைப் பற்றிப் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன இடத்தில்தான் நின்றேன். அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது. "அதெல்லாம் சான்றிதழில் வராதே" என்று நீங்களே அதை ஒதுக்கி வைத்துவிட்டீர்கள்.

அந்தக் கேள்வியை அவமானமாக எடுக்காதீர்கள். ஒரு நாள் செயலமர்வுச் சான்றிதழ், அந்த நாளில் நீங்கள் அந்த மண்டபத்தில் இருந்தீர்கள் என்பதைச் சொல்லும். மறுநாள் வார்டுக்கு வந்து என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லாது. தேர்வுக் குழுவில் இருக்கிறவர்களுக்கு அந்த மறுநாள்தான் வேண்டும். நானும் அப்படியான மேசைகளின் இரு பக்கமும் இருந்திருக்கிறேன். ஒரே செயலமர்வின் சான்றிதழை ஒரே நாளில் 20 பேரின் பைலில் பார்க்கும்போது, ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய அதில் எதுவும் இருக்காது.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலை, நான் டியூட்டியில் இருந்தேன். வீடு கல்லடியில், கடலுக்குக் கிட்ட. வீட்டார் உயிர் தப்பினார்கள். வீட்டுச் சாமான் ஒன்றும் மிஞ்சவில்லை, அலுமாரியில் இருந்த சான்றிதழ்களும்தான். அவற்றை மீண்டும் எடுக்க ஒன்றரை வருடம் அலைந்தேன். அலைச்சல்தான், ஆனாலும் எடுத்தேன். ஏனென்றால் அவற்றின் பதிவு, தந்த அலுவலகங்களில் இருந்தது. ஆஸ்பத்திரி லொக்கரில் என்னுடைய ஒரு சீ.ஆர். கொப்பி கிடந்தது. புதிதாகப் பார்த்த நோய், நான் விட்ட பிழை, ஒரு சிஸ்டர் சொல்லித் தந்த நுணுக்கம் என்று இடைக்கிடை எழுதி வைத்திருந்தேன். பிறகு கற்பித்தல் பதவிக்கு விண்ணப்பித்தபோது என்னைப் பேச வைத்தது அந்தக் கொப்பிதான். அதில் எழுதியிருந்தது மொத்தம் 30 பக்கம் கூட இல்லை. 10 வருட வேலையில் 30 பக்கம். மிச்சத்தை எந்த அலுவலகத்தில் போய் நகல் கேட்பது? அந்தக் கவலை இன்றைக்கும் எனக்கு இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். போர்ட்போலியோ என்பதை நான் பணித்தொகுப்பு என்று எழுதுகிறேன். நீங்கள் என்ன படித்தீர்கள், அதைக் கொண்டு நோயாளிக்கு என்ன செய்தீர்கள், அதிலிருந்து என்ன கற்றீர்கள் என்பதற்கான ஆதாரங்களின் சேர்க்கைதான் அது. அதை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வீட்டில் இருக்கும் பெரிய தொகுப்பு. அதில் எல்லாம் இருக்கும், யாருக்கும் காட்டத் தேவையில்லை. மற்றது, கேட்கிற இடத்துக்கு ஏற்ப அதிலிருந்து தெரிந்தெடுத்துக் கொண்டுபோவது. அறுவடை நெல் முழுவதையும் யாரும் பந்தியில் கொட்டுவதில்லைத்தானே? மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால் ஆய்வும் எழுத்தும் முன்னால் வரவேண்டும். தாதியர் கல்லூரி என்றால் கற்பித்த அனுபவம் முன்னால் வரவேண்டும். போன மாதம் நீங்கள் செய்தது, பெரிய தொகுப்பையே தூக்கிக்கொண்டு போனது. அதுவும் அதில் பாதிதான் இருந்தது.

இனி அந்தக் கனுலாவை எடுப்போம். நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அதுவே உதாரணம்.

முதலில் அதைப் பற்றி ஒரு பிரதிபலிப்பு, அதாவது நடந்ததைத் திரும்பிப் பார்த்து யோசிக்கும் ஒரு குறிப்பு, எழுதுங்கள். திறந்த பல்கலைக்கழகப் பாடத்தில் அப்படி எழுதுவதற்கான கிப்ஸ் சுழற்சி என்ற முறையைப் படித்திருப்பீர்கள். 1988இல் வந்தது, 6 படிகள்: என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன இருந்தது, எது சரி எது பிழை, ஏன் அப்படி நடந்தது, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த தடவை என்ன செய்வேன். பெரும்பாலானவர்கள் முதல் படியில் ஒரு பக்கம் எழுதிவிட்டு, நாலாவது படியை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வாசிக்கிறவர்கள் தேடுவது நாலாவதைத்தான்.

உதாரணமாக, "திகதி எழுதாமல் விட்டதால் கை வீங்கியது" என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நின்று யோசியுங்கள். திகதி எழுதாததால் கை வீங்குமா? எப்போது போட்டது என்று தெரியாததால் கனுலா கூடுதல் நாள் கிடந்திருக்கும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு ஷிப்டிலும் யாராவது அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, நோகிறதா, சிவந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று கேட்டிருந்தால் வீங்கும் முன்பே கழற்றியிருக்கலாம். முன்பு 72 முதல் 96 மணி நேரத்துக்குள் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று படித்தோம். பின்னால் வந்த ஆய்வுகள், தேவை ஏற்படும்போது மட்டும் மாற்றினாலும் நாள அழற்சி, அதாவது நாளம் சிவந்து வீங்கி நோவது, குறிப்பிடும்படி கூடவில்லை என்று காட்டின. அப்படியானால் திகதியைவிடக் கண்ணால் பார்ப்பதன் பாரம் இன்னும் கூடுகிறது. அதற்கு, கனுலா இடத்தைப் பார்த்து நாள அழற்சிக்கு 0 முதல் 5 வரை புள்ளி கொடுக்கும் விப் (VIP) அளவுகோல் இருக்கிறது. 2 வந்தாலே கனுலாவைக் கழற்றி, வேறு இடத்தில் புதிதாக ஒன்று போடவேண்டும். "திகதி எழுத வைத்தோம், அது நல்லது, ஆனால் பாதி வேலைதான் செய்தோம் என்று இப்போது உணர்கிறேன்" என்று உங்கள் பிரதிபலிப்பு முடிந்தால், அதை வாசிக்கும் எந்தத் தேர்வாளரும் பக்கத்தைப் புரட்ட மாட்டார், உங்களை நிமிர்ந்து பார்ப்பார்.

பிறகு ஒரு சின்னக் கணக்கெடுப்பு. வார்டுப் பொறுப்பு சிஸ்டரிடமும் வைத்திய அத்தியட்சகரிடமும் முதலில் அனுமதி எடுங்கள், எழுத்திலேயே எடுங்கள். அப்புறம் 30 கனுலாவைப் பாருங்கள். எத்தனையில் திகதியும் நேரமும் இருக்கின்றன, எத்தனையில் விப் புள்ளி 2 அல்லது அதற்கு மேல், இந்த இரண்டு எண் போதும். அந்த எண்ணை வார்டில் எல்லோருக்கும் காட்டிப் பேசி, ஏதாவது ஒன்றை மாற்றுங்கள். ஷிப்ட் கைமாறும்போது கனுலா இடத்தையும் பார்த்து டிக்கெட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில், எழுதுவது என்று வைத்துக்கொள்ளலாம். 3 மாதம் கழித்து மீண்டும் 30 எண்ணுங்கள். எண் கூடினாலும் குறைந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். திகதி எழுதும் பழக்கம் வருவதற்கு முன் நீங்கள் எண்ணவில்லை என்றால், எண்ணியதாகக் காட்டாதீர்கள். "முன்பு 10 சதவீதம், இப்போது 90 சதவீதம்" என்று ஒரு குத்துமதிப்பை அழகான வரைபடமாகப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு கேள்வியில் அது உடையும். அத்தோடு மற்றப் பக்கங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வார்டின் தரத்தைக் கூட்டுவதற்காக எண்ணுவது வேறு, ஆய்வாக வெளியிடுவது வேறு. சஞ்சிகைக்கோ மாநாட்டுக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால், தரவு சேகரிக்கும் முன்பே ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். சேகரித்து முடித்த பிறகு போய்க் கேட்டால் தரமாட்டார்கள். பிள்ளையாரடியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகச் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் அப்படி ஒரு குழு இருக்கிறது. உங்கள் பட்டப்படிப்பில் ஆய்வுத் திட்டம் செய்யவேண்டி வரும், அதற்கு இந்தக் கனுலா விடயத்தையே எடுக்கலாமா என்று உங்கள் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். ஒரே வேலை இரண்டு இடத்தில் பயன்படும்.

மூன்றாவது, கற்பித்தல். உங்கள் ஆசை தாதியர் கல்லூரி என்பதால் இதுதான் உங்களுக்கு மிகவும் தேவை. பயிற்சி மாணவிகள் வந்தால் அவர்களுக்கு, இல்லாவிட்டால் புதிதாக வந்த மிஸ்மாருக்கு, 15 நிமிடம் கனுலா பராமரிப்பைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு பக்கத்தில் திட்டம் எழுதுங்கள்: அவர்கள் முடிவில் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும், எப்படிக் காட்டுவேன், தெரிந்துகொண்டார்கள் என்று எப்படி அறிவேன். முடிந்ததும் ஒரு துண்டில் "எது விளங்கியது, எது விளங்கவில்லை" என்று பெயர் போடாமல் எழுதி வாங்குங்கள். விளங்கவில்லை என்று வந்ததையும் தொகுப்பில் வையுங்கள். அடுத்த வகுப்பை அதற்கேற்ப எப்படி மாற்றினீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். இப்படி ஒரு வருடத்தில் 6 வகுப்பு இருந்தால், கற்பிக்க ஆசை என்று நீங்கள் வாயால் சொல்லவே தேவையில்லை.

பாருங்கள் மகள், ஒரு ஐயாவின் வீங்கிய கையிலிருந்து பிரதிபலிப்பு, கணக்கெடுப்பு, கற்பித்தல் என்று 3 ஆதாரம் வந்துவிட்டது. மாநாட்டில் ஒரு சுவரொட்டியாக வைத்தால் நாலாவது.

இனி எச்சரிக்கை ஒன்று. நோயாளியின் பெயர், டிக்கெட் இலக்கம், கட்டில் இலக்கம் எதுவும் தொகுப்பில் வரக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்தில் அது மட்டும் போதாது. ஊர் பெயரையும் சம்பவத்தையும் சேர்த்து எழுதினால் வீட்டையே காட்டிக்கொடுத்த மாதிரி. "திருக்கோவிலில் வயலில் பாம்பு கடித்த, 3 பெண்பிள்ளைகளின் தகப்பன்" என்றால் அங்கே எல்லோருக்கும் ஆளைத் தெரிந்துவிடும். "60 வயது கடந்த விவசாயி" என்பது போதும். புண்ணை, காயத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். நோயாளியின் சம்மதமும் ஆஸ்பத்திரியின் அனுமதியும் இல்லாத படம் உங்களுக்கு ஆதாரமாகாது, உங்களுக்கு எதிரான ஆதாரமாகும்.

ஆங்கிலம் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். பிரதிபலிப்பை முதலில் தமிழில் எழுதுங்கள். மனதில் பட்டது மனதின் மொழியில்தான் முழுதாக வரும். பிறகு ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வசனமாக எழுதுங்கள். பெரிய சொற்கள் வேண்டாம். இன்னொன்று, தமிழ் உங்களுக்குக் குறையே இல்லை, உங்கள் கையில் இருக்கும் பலம். கல்முனையில் நோன்பு மாதம் வந்தால் நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினை எப்போது போடுவது, விடியமுன் சஹருக்கு என்ன சாப்பிடுவது, எந்த நிலையில் நோன்பை உடனே திறக்க வேண்டும் என்று உங்களைத்தானே கேட்கிறார்கள்? அதை வைத்தியரிடம் காட்டிச் சரிபார்த்து, ஊர்ப் பேச்சில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமாக்குங்கள். வயலில் வெறுங்காலோடு இறங்குகிறவர்களுக்குக் கால் பராமரிப்பு பற்றி இன்னொன்று. சேற்றிலும் மண்ணிலும் இருக்கும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் நம் கிழக்கில் இருக்கிறது, நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து கூட. இப்படியான பிரசுரத்தைக் கொழும்பில் இருந்துகொண்டு எழுதிவிட முடியாது. உங்களால் முடியும். அது உங்கள் தொகுப்பில் யாரிடமும் இல்லாத பக்கமாக இருக்கும்.

அந்த 43 சான்றிதழையும் எறிய வேண்டாம். நீங்கள் போகும் பாதையோடு தொடர்புள்ள 8 அல்லது 10ஐ எடுங்கள். ஒவ்வொன்றின் கீழும், "இதற்குப் பிறகு வார்டில் நான் மாற்றியது" என்று 3 வரி எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லை என்றால் அந்தச் சான்றிதழ் வெளியே போகலாம். மிச்சத்தைத் திகதி வரிசையில் ஓர் அட்டவணையாகப் போட்டால் போதும். தாதியர் சபைப் பதிவு, டிப்ளோமா, பட்டப்படிப்புப் பெறுபேறுகள், 2 பக்கச் சுயவிவரம் எல்லாம் முன்பகுதியில் வரும். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சான்றுக் கடிதம் வாங்குவதில் மட்டும் பிந்தாதீர்கள். இடமாற்றம் வந்துவிட்டால் சிஸ்டரும் போய்விடுவார், வைத்தியரும் போய்விடுவார். "நல்லவர், கடின உழைப்பாளி" என்ற கடிதத்தால் பயனில்லை. "கனுலா விடயத்தில் நான் செய்ததைப் பற்றி நீங்கள் பார்த்ததை எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், எழுதித் தருகிறவர்களுக்கும் அது இலகு.

எவ்வளவு எழுதினால் போதும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். இங்கிலாந்தில் தாதியரின் பதிவைப் புதுப்பிக்க 2016 முதல் ஒரு முறை இருக்கிறது. 3 வருடத்துக்கு ஒரு தடவை, 450 மணி நேர வேலை, 35 மணி நேரக் கற்றல், மற்றவர்கள் உங்கள் வேலையைப் பற்றிச் சொன்ன 5 கருத்து, நீங்கள் எழுதிய 5 பிரதிபலிப்பு. அந்த 35இல் 20 மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் வருடத்துக்கு 20 மணி நேரக் கற்றல், அதற்கான ஆதாரத்தை 5 வருடம் வைத்திருக்க வேண்டும். நீங்கள் வெளிநாடு போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, கல்முனைக்கு நீங்கள் தேவை. இதை ஓர் அளவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 3 வருடத்துக்கு 5 பிரதிபலிப்பு என்றால் அது யாருக்கும் முடியாத காரியம் இல்லை.

நேரம் பற்றிச் சொன்னீர்கள். நைட் முடித்து வந்து எழுதாதீர்கள், தூங்குங்கள். ஓஃப் நாளில் பிள்ளைகள் படுத்த பிறகு 20 நிமிடம், வாரத்தில் ஒரு தரம். நடந்தது எதுவோ, அந்த வாரத்துக்குள்ளேயே எழுதுங்கள். ஒரு மாதம் போனால் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும், என்ன நினைத்தோம் என்பது போய்விடும். சீ.ஆர். கொப்பியில் கையால் எழுதினாலும் சரி. மாத முடிவில் கைப்பேசியால் ஸ்கான் செய்து, பைல் பெயரில் வருடம், மாதம் முன்னால் வரும்படி வைத்து, இணையச் சேமிப்பில் போடுங்கள். மூலப் பத்திரங்களைத் தண்ணீர் புகாத உறையில், வீட்டின் உயரமான இடத்தில் வையுங்கள். நம் பக்கத்தில் மாரி மழை எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்னொரு பிரதி அக்கா வீட்டிலோ அம்மா வீட்டிலோ இருக்கட்டும்.

ஆய்வு வெளியீட்டுக்கு வரும்போது, காசு கட்டினால் ஒரு வாரத்தில் பிரசுரிக்கிறோம் என்று மின்னஞ்சல் வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஓர்சிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் அடையாளம் இலவசம், இப்போதே எடுத்து வைக்கலாம். வேலை செய்யாதவரின் பெயரை ஆய்வில் சேர்க்காதீர்கள், யார் கேட்டாலும். அதேபோல வேலை செய்தவரின் பெயரை விடாதீர்கள். என் இளமையில் நான் செய்த ஒரு வார்டு வேலை இன்னொருவரின் பெயரில் மேடை ஏறியது. அவர் யார் என்பது இப்போது முக்கியமில்லை. அந்த நாள் நெஞ்சில் ஏறிய கனம் இன்னும் இறங்கவில்லை.

அதனால் கனுலா விடயத்தை எழுத உட்காரும் முன் அந்த மற்ற மிஸ்ஸோடு பேசுங்கள். யார் எதைச் செய்தது என்று இருவரும் சேர்ந்து எழுதிக்கொள்ளுங்கள், அவருக்கும் தொகுப்பு வேண்டும்தானே. முதல் பிரதிபலிப்பு ஒரு பக்கம் வந்ததும், நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் இல்லாமல் எனக்கு அனுப்புங்கள். தமிழில் அனுப்பினால் போதும். நாலாவது படியில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று முதலில் பார்ப்பேன்.